மாலைச் செய்திக்குப் பின் அந்தமான் கடல்

தபீதா,

டியூட்டி காலை எட்டு மணிக்குத்தான். வீட்டில் இருக்க முடியவில்லை, ஐந்து மணி வண்டிக்கே தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடுகிறேன். பாலைக் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். கேஸ்காரர் வருவார், கேட் சாவி ஃபிரிட்ஜ் மேல்.

எட்வினின் கப்பல் போர்ட் பிளேர் சேரும்வரை உனக்குத் தூக்கம் வராது. எனக்கும் வரவில்லை. நேற்று நீ பயந்துபோய்க் கேட்டபோது, "பலத்த காற்று வீசக்கூடும்" என்றேன். "வீட்லயும் ரேடியோ மாதிரியே பேசாதீங்க" என்று கத்தினாய். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

ரேடியோவில் மாலைச் செய்தி முடிந்ததும் தீவுகளுக்கான வானிலை வாசிப்பார்கள். இன்று எங்கள் வானிலை ஆபீஸில் அதை எழுதுவது நான்தான். கேள்.

பி.கு.: சட்டையில் பொத்தான் இல்லை, ஊக்கு குத்திக்கொண்டேன்.

இன்னொன்று: நம் பிள்ளைக்காகக்கூட அதில் ஒரு சொல்லை மாற்றமாட்டேன். அதனால், கடல் தணியும் என்று வாசித்தால் நம்பு. படுத்துத் தூங்கு.