வேண்டாமென்ற ஃபேன்

13.08.2006, ஞாயிறு

கேம் விளையாட நானே ஒரு கம்ப்யூட்டர் பூட்டப் போகிறேன் என்று, சாமான் வாங்க இன்று செல்வியையும் பதுளைக்குக் கூட்டிப்போனேன். கிராஃபிக்ஸ் கார்டை எடுத்ததும் கடைக்காரர், "இது நல்லா சூடாகும். பெட்டிக்கு இன்னொரு ஃபேன் போடுங்க" என்றார். நான் தலையாட்டுவதற்குள் செல்வி முந்திக்கொண்டாள்.

"எங்க பூனாகலையில தேங்கா எண்ணெயே போத்தல்ல உறைஞ்சி கெடக்கு. இதுக்குப் போயி ஃபேனா?"

கல்யாணமான புதிது. கடையில் வைத்து அவளோடு வாதாட மனம் வரவில்லை. ஃபேனை விட்டுவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கார்டு கருகுகிற நினைப்புதான்.

சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். நல்லவேளை, ஓடியது. கார் ரேஸில் என்னை முந்தி ஜெயித்தவள் பிறகு ஆளையே காணோம். எட்டிப் பார்த்தால், மேசைக்குப் பின்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெட்டியிலிருந்து வரும் சூட்டுக்கு இரண்டு கையையும் நீட்டியிருக்கிறாள்.

"ஏங்க, அந்த ஃபேனப் போட்டிருந்தா இன்னும் நல்லா சூடு வெளிய வருமா?"

"வரும்."

"அப்ப அதக் கடையிலயே சொல்றதுக்கு என்ன?"