மகள் நீட்டிய துண்டுச்சீட்டு

வைகாசி 18, ஞாயிறு

சட்டசபையில் முப்பத்தைந்து வருஷம் உறுப்பினர்களின் துண்டுச்சீட்டை அமைச்சர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்த எனக்கு, இன்று சொந்த ஊர் பரளச்சியில் ஓய்வுப் பாராட்டு விழா. ஊர் வாத்தியார் மைக்கில் என்னை மக்களாட்சியின் தூண் என்றார். தூணுக்கு நாற்காலியில் உட்காரத் தெரியவில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து மகள் செல்வி வந்திருந்தாள். அவள் வளர்ந்த காலமெல்லாம் நான் சென்னையில். விழா முடிந்ததும், நாலு நாள் என்னோடு இருந்துவிட்டுப் போ என்று கேட்க நினைத்திருந்தேன்.

விழாவின் பாதியில் அவள் மேடைக்குக் கீழேயிருந்து ஒரு சீட்டை நீட்டினாள். துள்ளி எழுந்து வாங்கி, விழாத் தலைவருக்கு ஒரு கும்பிடு போட்டு, அவர் கையில் கொடுத்துவிட்டேன். சீட்டைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கொடுத்தாச்சு என்று உறுப்பினர்களுக்குத் தலையாட்டுவதுதான் வழக்கம். செல்விக்கும் ஆட்டினேன். சனம் சிரித்தது, நானும் சிரித்தேன்.

கூட்டம் கலைந்த பிறகுதான் தலைவர் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்துப் பிரித்தார்.

“அண்ணே, இது ஒங்களுக்குல்ல எழுதியிருக்கு!”

‘அப்பா, கடைசி பஸ்ஸு வந்துரும். கெளம்பட்டுமா? இருக்கச் சொன்னா இருக்கேன்.’

ரோட்டுக்கு ஓடினேன். பஸ்ஸு போய்விட்டிருந்தது. போன் போட்டேன்.

“நீங்கதானப்பா தலைய ஆட்டுனீக?”

“ஆமாத்தா, பத்திரமாப் போ” என்று சொல்லிவிட்டேன். இருக்கச் சொல்லத்தான் இருந்தேன் என்பதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது.