பொட்டை நாய்க்குக் கட்டிய சிவப்புக் கயிறு

அப்பா,

இன்று ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு இல்லை. வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததால் செவப்பியைத் தண்ணீர்ப் பீலிக்கு இழுத்துக்கொண்டு போய்க் குளிப்பாட்டினேன். உங்கள் செவப்பிதான். கிழவியாகிவிட்டாள், காது கேட்பதில்லை, பல்லும் பாதி இல்லை. ஆனால் தண்ணீரைக் கண்டால் பண்ணுகிற அட்டகாசம் மட்டும் குறையவில்லை. வயிற்றில் சோப்புப் போடும்போது விரலில் அந்தத் தையல் தழும்பு தட்டுப்பட்டது. உடனே மூக்கில் டிங்சர் வாடை ஏறிக்கொண்டது. பீலியில் ஏது டிங்சர்? எனக்குள் இருக்கிற வாடை அது.

டயகமத் தோட்டத்திலிருந்து நம் லயத்து வீடொன்றுக்குப் புதிதாக வாழ வந்திருக்கும் பெண் ஒருத்தி குடத்தோடு நின்றிருந்தாள். "என்னக்கா, நாய்க்கு வயித்துல இம்புட்டுப் பெரிய தழும்பு?" என்றாள். சொன்னேன். "நாய்க்கெல்லாம் ஆப்பரேசனா! யாருக்கா பண்ணி வச்சது? நீங்க யாரு மவ?" என்று கேட்டுவிட்டாள்.

நான் யார் மகள்? இந்தக் கேள்விக்குப் பயந்தே என் பாதி வயது போயிற்று, அப்பா.

நீங்கள் தேயிலைத் தோட்டத்தைக் காவல் காக்கிற வாச்சர். தோட்டத்துத் தொரையோடு மரைமான் வேட்டைக்குப் போய்த் துப்பாக்கி பிடிக்கப் பழகியவர். அந்தப் பழக்கம்தான் நமக்கு வினையாயிற்று. லயத்தில் நாய் பெருகும்போதெல்லாம் தொரை உங்கள் கையில் தோட்டாக்களைக் கொடுத்து அனுப்புவார். நீங்கள் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு லயத்துப் பக்கம் திரும்பினால் போதும், பெண்கள் பிள்ளைகளைத் தூக்குவதற்கு முன் நாய்களைத் தூக்கி உள்ளே போடுவார்கள். சுட்டுவிட்டு வந்தால் நீங்கள் சோறு தின்ன மாட்டீர்கள். அது எனக்கு மட்டும்தானே தெரியும்? மலையில் கொழுந்து பறிக்கும்போது என் நிரைக்குப் பக்கத்து நிரையில் நின்றுகொண்டு, எனக்குக் கேட்கட்டும் என்றே பேசுவார்கள். "நாய்சுட்டான் மவ வந்துட்டாடி." மழையே இல்லாத நாளிலும் நான் கொங்காணியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டது அதற்காகத்தான். அம்மா போனபின் எனக்கென்று இருந்த ஒரே மனுசர் நீங்கள். அந்த மனுசரை நினைத்துத்தான் வெட்கப்பட்டேன்.

நாய் பெருகியதற்கு நாமெல்லாரும்தான் காரணம். கடுவன் குட்டி என்றால் வீட்டுக்கு வீடு கேட்டு வாங்குவார்கள். பொட்டைக்குட்டியை யார் கேட்பார்கள்? பால்குடி மறந்ததும் சாக்கில் போட்டு அடுத்த தோட்டத்து எல்லையில் விட்டுவிட்டு வருவோம். அவர்கள் மட்டும் இளித்தவாயர்களா? தங்கள் குட்டிகளைக் கொண்டுவந்து நம் எல்லையில் விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த வீட்டு மாரியாயி அக்கா ஒருமுறை எல்லையில் குட்டியை விட்டுவிட்டு, வரும் வழியில் கத்திக்கொண்டு கிடந்த ஒன்றை, பாவமே என்று மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அவிழ்த்துப் பார்த்தால் அதுவும் பொட்டை. லயமே வயிறு வலிக்கச் சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அது வளர்ந்து குட்டி போட்டால் சுடப்போகிறவர் நீங்கள்தானே.

அந்த வருசம் கொழுந்து எடுக்கப் போன பெண் ஒருத்தியைத் தேயிலைத் தூருக்கு அடியில் குட்டி போட்டிருந்த நாய் கடித்துக் குதறிவிட்டது. தொரை கோபத்தில் குதித்தார். இனி லயத்தில் ஒரு பொட்டை நாய்கூட இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் சுட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். "வாச்சர் வீட்டு நாயும்தான்" என்றாராம். செவப்பி அப்போது துள்ளித் திரிகிற குமரி.

நீங்கள் அன்று வீட்டுக்கு வரவில்லை. நேராகத் தொரை பங்களா மாட்டுப்பட்டிக்குப் போனீர்கள். பசுவுக்கு ஊசி போட அட்டனிலிருந்து மாட்டு டாக்டர் வந்திருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். தொரையின் பெண் நாய்க்கு அவர் வயிற்றைக் கீறித் தைத்து, இனிக் குட்டியே போடாமல் பண்ணியதைப் பார்த்திருந்தீர்கள். அந்தச் செலவை நம் லயத்தில் யார் தாங்குவது? அதைத்தான் அவரிடம் கேட்டீர்கள்.

"எனக்கு ஒண்டும் தரவேண்டாம் காணும்" என்றாராம் டாக்டர். "மருந்துக் காசை ஆரும் தந்தால் போதும். ஆனா நாயளைக் கொண்டு வாறது உம்மட பொறுப்பு."

அங்கிருந்து தொரையிடம் போனீர்கள். "தோட்டாவுக்குக் குடுக்குற காச மருந்துக்குக் குடுங்க தொரை" என்று கேட்டீர்கள். தொரை முன்னால் வாய் திறந்து எதையும் கேட்டறியாத மனுசர்! தொரை யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் எல்லாப் பொட்டைக்கும் ஆகிவிட வேண்டும். மிச்சமிருப்பதை நீங்கள் சுட வேண்டும்.

வீடு வீடாகப் போனீர்கள். துப்பாக்கி தூக்கின ஆள் கயிற்றோடு வந்து "நாயக் குடுங்க, ஒண்ணும் ஆவாது" என்றால் எவள் நம்புவாள்? மாரியாயி அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "எங்க ஓட்டுரிமையப் புடுங்கிட்டாங்க. இப்ப நாய் வயித்தையும் புடுங்க வந்துட்டீங்களாக்கும்? இன்னைக்கு நாய்க்கு, நாளைக்கு எங்களுக்கா?" என்றாள். நீங்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பினீர்கள். அவள் பேச்சில் நியாயம் இல்லையா என்ன? அந்த நேரத்தில் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வருகிறவர்களைத்தான் பார்த்திருந்தோம், கொடுக்க வந்தவரை அடையாளம் தெரியவில்லை.

டாக்டர் வந்த அன்று லயத்தில் ஒரு நாயும் இல்லை. பிள்ளைக்காம்பராவில் தொட்டிலுக்கு அடியில் பொட்டைகளை அடைத்து, பிள்ளை பார்க்கிற ஆயாவைக் காவல் வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஊளைச் சத்தம் கேட்கிறது, ஆயா "புள்ள அழுவுது" என்கிறாள்! நீங்கள் கதவைத் தள்ளவில்லை. திரும்பி வந்து செவப்பியை அவிழ்த்தீர்கள். மாட்டுப்பட்டியில் வைத்துச் செய்யலாம் என்ற டாக்டரிடம், "இல்லீங்கய்யா, பெரட்டுக்களத்துல பண்ணுங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்றீர்கள்.

மேசை போட்டார்கள். லயமே சுற்றி நின்றது. செவப்பியின் தலையை நீங்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள். நான் ஆட்களுக்குப் பின்னால், கொங்காணிக்குள் நின்றேன். மயக்கம் தெளிந்த செவப்பி உங்கள் காலில் வாந்தியெடுத்துவிட்டு, எழுந்து நின்று, விழுந்து, மறுபடி நின்றாள். மாரியாயி அக்கா, "அடி ஆத்தாடி, உசுரோடதான் இருக்கு" என்றாள். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "அடுத்த தடவ எம் பொட்டையையும் எடுத்துக்கங்க. செத்துச்சுன்னா ஒங்க வாசல்லதான் கொண்டாந்து போடுவேன், ஆமா" என்றாள்.

செய்த நாய்க்கு அடையாளமாகக் காதில் வெட்டு வைக்கலாம் என்றார் டாக்டர். யாரும் சம்மதிக்கவில்லை. மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டுகிற சிவப்புக் கயிறு வாங்கி வந்து நீங்கள் கழுத்தில் கட்டினீர்கள். டாக்டர் வந்தபோதெல்லாம் சிலர் கொடுத்தார்கள். பாதிப்பேர் கடைசிவரை கொடுக்கவில்லை.

தவணை முடிந்தது. காலையில் தொரை வந்து பெரட்டுக்களத்தில் நின்றார். உங்கள் கையில் துப்பாக்கி. நாய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அத்தனை பொட்டையின் கழுத்திலும் சிவப்புக் கயிறு! கோயில் கயிற்றுக்கண்டு முந்தின நாளே காலி. அம்மன் காப்பு என்றால் சுட மாட்டீர்கள் என்று ஒவ்வொருத்தியும் தன் நாய்க்குக் கட்டிவிட்டிருந்தாள். எந்த நாய்க்கு ஆயிற்று, எதற்கு ஆகவில்லை என்று உங்களுக்குத் தெரியாதா? ஒவ்வொன்றின் தலையையும் பிடித்தவர் நீங்கள். எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தீர்கள். யாரும் நிமிரவில்லை.

"எல்லாம் ஆச்சுங்க தொரை" என்றீர்கள்.

மழைக்காலம் வருவதற்குள் பொய் வெளுத்துவிட்டது. தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு நாய் குட்டிகளோடு படுத்திருந்தது, கழுத்தில் சிவப்புக் கயிற்றோடு. தொரை கேட்டதற்கு, "நாந்தான் கட்டுனேன்" என்றீர்களாம். யார் பெயரையும் சொல்லவில்லை. துப்பாக்கியையும் காக்கிச் சட்டையையும் வாங்கிக்கொண்டு மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வெட்ட அனுப்பினார்கள். அந்த வயதில், இடுப்பளவு சேற்றில்.

அதன்பிறகு லயம் என்னை வேறு மாதிரி பார்த்தது. பீலியில் வழி விட்டார்கள். "நல்ல மனுசன் மவ" என்றார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது, அப்பா. நீங்கள் கானில் குனிந்து நிற்க, நான் மலையில் கொங்காணியை எடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து நடந்தேன். உங்கள் கையில் துப்பாக்கி இருந்தபோது பட்ட வெட்கத்தைவிட இது கேவலம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ராத்திரி உங்கள் காலில் வெடித்த சேற்றுப்புண்ணுக்கு டிங்சர் போட்டுவிடும்போதுகூடப் புரியவில்லை.

அடுத்து டாக்டர் வந்தபோது யாரும் கேட்காமலே நாய்களோடு வரிசையில் நின்றார்கள். மருந்துக்குத் தங்களுக்குள்ளேயே சேர்த்துக் கொண்டுவந்தார்கள். யாரும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. மாரியாயி அக்கா மட்டும் கான் ஓரத்தில் நின்று, "மேல வாங்க. நீங்க புடிச்சாத்தான் அதுங்க அடங்கும்" என்றாள். நீங்கள் ஏறி வந்து கையைக் கழுவினீர்கள்.

இப்போதும் டாக்டர் வருகிறார், வேறொருவர். நீங்கள் கண்மூடியபின் தலையைப் பிடிப்பது நான். நம் லயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு வருசங்கள் ஆகிவிட்டன. நாய்க்கு நாலு குட்டி என்றால் இப்போது அதிசயமாகப் பார்க்கிறார்கள். சின்னஞ்சிறுசுகளுக்கு உங்களைத் தெரியாது. தெரிந்தவர்களும் "வாச்சர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மற்றதை விழுங்கிவிடுகிறார்கள். நானும் இத்தனை நாள் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

டயகமப் பெண் குடம் நிறைந்தும் போகாமல் நின்றாள். "யாரு மவன்னு கேட்டேனே அக்கா?"

செவப்பியின் முதுகில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, பீலியில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"நாய்சுட்டார் மவ."