சட்டைக் கையில் ஒரு யானை

மே 2
பள்ளிக்கு லீவு விட்டாச்சு, எனக்கு வேலை ஆரம்பம். தெருப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் எல்லாம் என் தையல் மிஷினில்தான். என் மகள், அந்த வாலு, மட்டும் ஒரு பக்கம்கூடப் படிக்கமாட்டேன் என்கிறாள். மூன்றாம் வகுப்பு முடித்தும் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். "லீவுல வாசிக்க வைங்க. திறந்ததும் என் முன்னாடி வாசிச்சுக் காட்டணும். இல்லன்னா மறுபடியும் இதே வகுப்புதான்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். கூட்டாளிகள் எல்லாம் மேலே போக, இவள் மட்டும்?

மே 5
கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினாள்.

மே 9
இன்று கத்தித் தீர்த்துவிட்டேன். "ஒரு வரிடி! ஒரே ஒரு வரி! படிச்சா என்ன, வாய் வலிச்சிடுமா?" அவள் அழவில்லை. "எனக்கு வராதும்மா, விட்டுடு" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. அழுதது நான்தான். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாரு யாருக்குப் பாடம் நடத்துறீங்க?" என்றார். வந்துட்டாரு, கிண்டல் பண்ண!

மே 13
துணியில் கத்தரி வைக்கும் முன் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பேன். பழைய செய்தித்தாள்தான் அதற்கு. குண்டூசி பொறுக்க வந்த வாலு, தரையில் கிடந்த சட்டைக் கையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். செய்தித்தாளின் சிறுவர் பக்கத்தில் வெட்டிய காகிதக் கை. "யா... யானை... லிஃப்டுக்குள்ள மாட்டி..." அதோடு கத்தரி புகுந்துவிட்டது.

"அம்மா! மிச்சம் எங்க?"

"காலர்ல இருக்கும், பாரு."

காலரைத் தேடினாள். முதுகைத் தேடினாள். மேஜைக்கடியில் தவழ்ந்தாள். நான் 'படி' என்று வாயே திறக்கவில்லை. திறந்தால் கெட்டது காரியம்!

மே 14
பிறந்தநாள் விருந்துக்குக் கிளம்பிய யானையாம். கதவு மூடியதும் அசைய முடியவில்லையாம். காலரும் முதுகும் கிடைத்தன, முடிவைக் காணோம். வாலு சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மே 17
அட, அடுத்த தெரு நர்ஸம்மாவுக்குத் தைத்த கோட்டு! அதற்குப் பாக்கெட் வெட்டிய காகிதத்தை மிச்சத் துணியோடு குண்டூசி போட்டபடியே கட்டிக் கொடுத்துவிட்டேன். கதை முடிவு அதில்தான் இருக்கும். என் மறதியை என்னன்னு சொல்றது!

சொன்னதுதான் தாமதம், என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். நர்ஸம்மா தேடி எடுத்துக் கொடுத்ததும் வாசலிலேயே நின்று வாசித்தாள். தடுக்கினாள், பின்னால் போனாள், மறுபடி வந்தாள். விடவில்லை. ஒரு எலி வந்து காதுக்குள் கிச்சுகிச்சு மூட்ட, யானை தும்மிய தும்மலில் கதவு திறந்துகொண்டதாம்.

"இதுக்கா இவ்வளவு ஓட்டம்?" என்று நர்ஸம்மா சிரித்தார்.

"பின்ன? நாலு நாளா உள்ளேயே மாட்டிட்டு இருந்துச்சுல்ல ஆன்ட்டி!"

வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மே 22
இப்போது வேண்டுமென்றே கதைக்கு நடுவில் கத்தரி வைக்கிறேன். பாவம்தான். ஆனால் என்ன சந்தோஷம்!

மே 29
கதை எங்கே முடிகிறது என்று பார்த்து வெட்டியதில் நாத்தனார் மகன் சட்டைக்கு ஒரு கை குட்டை. "ஏன் அண்ணி, என் பிள்ளை ஒரு கையை மடக்கிக்கிட்டே திரியணுமா?" வாங்கிக் கட்டிக்கொண்டேன். போகட்டும், வேறு கை வைத்தால் ஆச்சு.

ஜூன் 4
"அதுல வெட்டாதம்மா, நான் இன்னும் படிக்கல." இன்று முழுக்க இதே பாட்டு. அவசர யூனிஃபார்ம் அப்படியே கிடக்கிறது. யாரிடம் சொல்லி அழ?

ஜூன் 10
பள்ளி திறந்தது. நான் வாசலிலேயே நின்றேன். வாலு ஒரு கதை வாசித்தாளாம். இரண்டு இடத்தில் திக்கினாளாம். டீச்சரே வெளியே வந்து சொன்னார்: "'போதும், நீ நாலாம் வகுப்புக்குப் போகலாம்'னு சொல்லிட்டேன். 'முடிவு தெரியாம எப்படிப் போறது டீச்சர்?'னு நிக்கிறா!" எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வீட்டில் ஒரு பழைய தாளைக்கூடத் தொட முடியவில்லை, எல்லாம் அவள் சொத்து. வெட்டுவதற்கு வெறும் பழுப்புத்தாள் வாங்கி வந்தேன். அதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள்.