அப்பாவின் காருக்கு நாலாவது கியர்

வில்சன், கான்சஸ்
ஆகஸ்டு 16, 1993

அன்புள்ள மகன் லியோனார்டுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே நான் நலம், என் இடது முழங்கால் மட்டும் மாற்றுக் கருத்து சொல்கிறது. போர்ட்லண்டில் நீயும் ஜோனும் குழந்தைகளும் சுகமாக இருக்கத் தினமும் செபமாலை சொல்கிறேன். கோதுமை அறுவடை முடிந்துவிட்டது, வெயில் முடியவில்லை. நிற்க, உன் அப்பா தன் கையால் கட்டிய கார் அறுபது மைல் வேகத்தைத் தாண்டினால் எஞ்சின் அலறுகிறது, ஆகஸ்டு பதினைந்துக்குள் நெடுஞ்சாலைக்குத் தயாராகாவிட்டால் அதை விலைக்குக் கேட்கும் டொபீகா ஹேன்காக்குக்கு விற்றுவிடலாம் என்று நீ கெடு வைத்தாய், நானும் ஒப்புக்கொண்டேன். கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கு அந்தக் காரை விட மனமில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

உன் சித்தப்பா எமிலும் பக்கத்து வீட்டு டெல்மரும் பழைய வண்டிக் கிடங்கில், பின்பக்கம் நசுங்கிய ஒரு குடும்பக் காரிலிருந்து நாலு கியர் உள்ள தானியங்கிக் கியர்பெட்டியைக் கழற்றி வந்தார்கள். நாலாவது கியரில் வண்டி வேகமாகப் போகும், எஞ்சின் நிதானமாகச் சுற்றும். பழையதைவிட இது நீளம் என்பதால் அடியில் தாங்கும் சட்டத்தைப் பின்னால் நகர்த்தி, சக்கரத்துக்குப் போகும் தண்டைக் குறுக்க வேண்டியிருந்தது. எமில் இரண்டு முறை அளந்தார், இரண்டு விடை வந்தது. கடைசியில் என் தையல் நாடாவால் நானே அளந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் டார்க் கன்வெர்ட்டர் என்கிற கனத்த இரும்பு வட்டைக் கியர்பெட்டியின் வாயில் வைத்துத் திருகித் திருகி உள்ளே தள்ளினார்கள். அப்பா இதே வேலையைச் செய்ததைச் சமையலறையிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், மூன்று முறை 'டொக்' என்று இறங்கும். இவர்களுக்கு இரண்டுதான் இறங்கியது. நான் சொன்னேன். "அண்ணி, நாப்பது வருஷமா கார் பாக்கறேன், நீங்க பட்டாணிய உரிங்க" என்றார் எமில். பிறகு கியர்பெட்டியைத் தூக்கி எஞ்சினோடு சேர்த்தால் நடுவில் ஒரு விரல் இடைவெளி. போல்ட்டை இறுக்கினால் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்றார் டெல்மர். நான் ஸ்பானரை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். "இறுக்கினா உள்ள இருக்கற பம்ப் உடையும் எமில். கழட்டு" என்றேன். ஒரு கைம்பெண்ணின் பையில் கைவிட இருவருக்கும் துணிவில்லை. ஒரு மணி நேரம் கோபித்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்து, பங்குச் சாமியாருக்கு வைத்திருந்த கசகசா வைத்துச் சுட்ட கொலாச்சு ரொட்டி முழுவதையும் தின்று தீர்த்தார்கள். பிறகு கழற்றினார்கள். மூன்றாவது 'டொக்' இறங்கியபோது டெல்மர் தொப்பியைக் கழற்றினார். "எண்ணெய் கம்மியா இருந்துச்சு, அதான்" என்றார் எமில்.

நேற்று பூசை முடிந்ததும் டொபீகாவுக்கு நானே ஓட்டிப் போனேன். எழுபதில் எஞ்சின் அத்தனை அமைதி, கதவைப் பிடித்துக்கொண்டு எமில் முணுமுணுத்த அருள் நிறை மந்திரம் ஒரு சொல் விடாமல் கேட்டது, நடுவில் ஒரு வரியை விட்டார், திருத்தினேன். இல்லை என்று சொல்வதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று கன்னியர் மடத்தில் எங்களை வளர்த்தார்கள், தொலைபேசியில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹேன்காக் பாவம், கொட்டகையைக் காலி செய்து பெருக்கி வைத்திருந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டுச் சாவிக்காகக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைக் குலுக்கி, கார் விற்பனைக்கு இல்லை என்று தெரிவித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பினேன்.

பிள்ளைகளை ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு அழைத்துப் போ. ஆண்டவர் உங்கள் அனைவரையும் காப்பாராக. அக்டோபரில் நான் அங்கே வர விமானச் சீட்டு எடுக்க வேண்டாம், உன் வண்டியைத் தெருவில் நிறுத்தி ஷெட்டை ஒழித்து வை.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா,
திருமதி ஆக்னஸ் விட்டாசெக்