அப்பா அடித்த முதுகுத் தகடும் அம்மாவின் ஒற்றைச் செருப்பும்

திருநின்றவூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அனுசுயாவுக்கு அப்பா உலகநாதன் சொல்லச் சொல்ல, தம்பி உதயகுமார் நடுநடுவே தன் சரக்கையும் சேர்த்து எழுதுவது.

அந்தமான் தீவில் வாழும் திருமகளுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், அம்மாவின் நீல நிற ரப்பர் செருப்பில் இடது கால் மட்டும் போன வாரத்திலிருந்து காணவில்லை. வலது கால் துணையிழந்து வாசலில் தனியாகக் கிடக்கிறது. எதிர்வீட்டு ரோஸிதான் கவ்விக்கொண்டு போயிருக்கும் என்று அம்மா தீர்ப்பு எழுதி, அந்த நாய்க்குத் தினமும் போடும் பொறை பிஸ்கட்டை நிறுத்திவிட்டார். மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் வலது கட்டைவிரல் நீங்கலாக. அங்கே நீயும் உன் மீன்களும் சௌக்கியமா என்று அப்பா கேட்கிறார். மீன்கள் நான் சேர்த்தது.

கட்டைவிரலுக்கு என்ன ஆயிற்று என்று பதறாதே, அதனால்தான் பேனா என் கைக்கு வந்தது. கடலுக்கடியில் மூச்சுக்காற்று சிலிண்டரை முதுகோடு பிடித்து நிறுத்த நீ கேட்ட முதுகுத் தகட்டை அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் தன் பட்டறையிலேயே அடித்து முடித்துவிட்டார். பெல்ட் நுழைகிற துளைகளின் ஓரத்தை எல்லாம் அரம் போட்டு ராவி, வழவழப்பாக இருக்கிறதா, பெல்ட்டை அறுக்குமா என்று கட்டைவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அறுத்தது. கட்டுப் போட்ட கையோடு மறுபடி ராவி இப்போது வெண்ணெய் மாதிரி ஆக்கிவிட்டார். அப்பா போட்டது பிளேட், நான் இப்போது உனக்குப் போடுவது பிளேடு, பொறுத்துக்கொள்.

நீ போனில் சொன்னதை முதலில் அவர் காதில் வாங்கவே இல்லை அக்கா, அதை எழுதாதே என்கிறார், எழுதிவிட்டேன். மூன்று எம்.எம். போதும் என்று நீ தலைப்பாடாக அடித்துக்கொண்டாய், அவரோ "மூணு எம்.எம். தகரம்டா அது, கடல்ல அவ்ளோ தண்ணி மேல குந்திக்கினு அமுக்கும், என் பொண்ணு முதுகுல தகரமா மாட்றது" என்று ஆறு எம்.எம்.மில் ஒன்று அடித்துவிட்டார். அதைப் புறநகர் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது பக்கத்தில் இருந்தவர் எந்தக் கோயில் அம்மனுக்குக் கவசம் என்று கேட்டுத் தொட்டுக் கும்பிட்டாராம். வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், தூக்கவில்லை என்று எழுதச் சொல்கிறார், தூக்கினேன், தரையிலிருந்து கொஞ்சம். பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்ததும் கடைக்காரர் இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டார். அன்றைக்குத்தான் நீ மறுபடி கூப்பிட்டு, தகடு கீழே இழுக்கும், அதன்மேல் மாட்டுகிற காற்றுப்பை, அதான் உன் இறக்கை, அது மேலே தூக்கும், இரண்டும் சமமாக இருந்தால்தான் நடுத்தண்ணீரில் ஆடாமல் நிற்க முடியும், தகடு அதிகக் கனமானால் பையில் அதிகக் காற்று ஊத வேண்டும், காற்று அதிகமானால் அது இஷ்டத்துக்கு ஆட்டிவைக்கும் என்று விளக்கினாய். சரியான கனத்தில் ஸ்டீல் தகடு இருந்தால், தண்ணீரில் அமிழ்வதற்காக இடுப்பில் கட்டுகிற ஈயத்தைக் கழற்றிவிடலாம் என்றும் சொன்னாய். அங்கேதான் வந்தது வினை. ஈயமா என்று கேட்டு அம்மா போனைப் பிடுங்கி, "இன்னாது, இத்தினி நாளா இடுப்புல ஈயத்த கட்டிக்கினா கடல்ல குதிச்சிக்கினு இருந்த" என்று போட்ட கூச்சலில் தெருவுக்கே நீ செய்யும் வேலை விளங்கிவிட்டது.  அப்பாவோ மறுநாள் காலையில் முதல் ரயிலைப் பிடித்துப் போய் மூன்று எம்.எம்.மில் புதிதாக வெட்ட ஆரம்பித்துவிட்டார். ஊரான் ஈயத்துக்கு என் ஸ்டீல் குறைச்சலா என்பது அவர் எண்ணம். உனக்கு இறக்கை முளைத்ததில் அவருக்கு இரக்கம் முளைத்துவிட்டது. உப்புத் தண்ணீருக்குத் தாங்கும் முன்னூற்றுப் பதினாறு நம்பர் ஸ்டீல்தான் போட்டிருக்கிறார், முதுகெலும்புக்கு இடம் விட்டு நடுவில் பள்ளம் மடித்திருக்கிறார், போல்ட் துளைகள் நீ அனுப்பிய படத்தின்படியே. ஆறு எம்.எம். கவசம் இப்போது நம் தண்ணீர் சம்ப்பு மூடியின் மேல் காவல் இருக்கிறது.

அம்மா பங்கும் உண்டு. தகட்டை ஆவடி பாத்திரக்கடைக்கு எடுத்துப் போய், குடம் அண்டாவுக்கு வெட்டுகிற மாதிரியே உ. அனுசுயா, திருநின்றவூர் என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். கடைக்காரர் இது என்ன தாம்பாளம், ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, பெண்ணுக்குச் சீரா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாராம். இத்தனைக்கும் இந்த முறையும் டைவிங் பரீட்சையில் தவறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, வேலப்பன்சாவடி காலேஜ் ஆபீசில் இடம் இருக்கிறது, சொல்லி வைத்திருக்கிறேன் என்று உன்னிடம் கறாராகச் சொன்னதும் இதே அம்மாதான். போன முறை வாடகை ஜாக்கெட் தொளதொளவென்று ஏறிக்கொண்டு, சிலிண்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பரீட்சை வைத்தவர் உன்னைத் திருப்பி அனுப்பியதை அப்பா இன்னும் மறக்கவில்லை. என் பெண்ணுக்கு நீச்சல் தெரியாமல் இல்லை, மாட்டின சாமான் சரியில்லை என்று பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். அதனால் இது உன் பரீட்சை மட்டும் இல்லை அக்கா.

பெல்ட்டுக்குப் பூந்தமல்லி பஷீர் பாயிடம் போனோம், அப்பா பட்டறை லோடு வண்டிக்கு எப்போதும் தார்ப்பாய் தைத்துக் கொடுப்பாரே அவர்தான். ஆள் மேல் மாட்டிப் பார்க்காமல் எந்த வேலையையும் வெளியே அனுப்பமாட்டேன் என்பது அப்பாவின் சட்டம், எனவே உன் உயரத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டு அஜித்குமாரைக் கூப்பிடலாம் என்று அப்பா சொன்னார். அந்தப் பனைமரமா? நான் இருக்கும்போதா? நீ அந்தமானுக்குக் கிளம்பிய அன்று உன் உயரத்துக்குக் கதவு நிலையில் போட்ட பென்சில் கோட்டில் போய் நின்றேன். சாக்ஸ் போட்ட காலோடு கம்பீரமாக நின்றேன். கோடும் என் தலையும் ஒட்டிக்கொண்டன. "அட, கரெக்டா அனு சைஸ்டா நீ" என்று அப்பாவே வாயைப் பிளந்தார். உன் உயரத்துக்கு வளர்ந்துவிட்டேன் என்று நான் ஒரு வருடமாகப் போனில் சொன்னபோதெல்லாம் சிரித்தாயே, இப்போது சிரி. பாய் கடையில் ஒரே நீளப் பட்டையைத் தகட்டின் துளைகளில் கோத்துத் தோளுக்கு மேலே கொண்டுவந்து இடுப்பில் கட்டினார்கள். சிலிண்டருக்குப் பதிலாக இருபது லிட்டர் தண்ணீர் கேன். தோள் பட்டைக்குள் முஷ்டி நுழைகிறதா, கையைப் பின்னால் வளைத்தால் தகட்டின் மேல் ஓரம் விரலுக்கு எட்டுகிறதா, நெஞ்சு வளையங்கள் கட்டைவிரலுக்கு அகப்படுகின்றனவா என்று நீ சொன்னதை எல்லாம் அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். கால்களுக்கு நடுவே வருகிற பட்டையை என்னவென்று சொல்வது என்று பாய் கூச்சப்பட்டுக்கொண்டே, "நைனா, அந்த கோமணத்த கொஞ்சம் லூசு பண்ணு, பையன் முழி பிதுங்குது" என்றார். அந்தக் கோலத்திலேயே பூந்தமல்லி பஸ் நிலையம் வரை நடந்து திரும்பினேன், ஒரு தடவைகூடத் தள்ளாடவில்லை, ஒரு பாட்டம்மா வழியில் கேன் தண்ணீர் விலை கேட்டார், அவ்வளவுதான். கடலடி வீரன் ஒருவன் இந்தக் குடும்பத்தில் உன்னோடு நின்றுவிடவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. பட்டை என் உடம்புக்கு அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்ததால், பட்டை நழுவாமல் பிடிக்கிற தடுப்புக் கொக்கிகளை அதே அளவில் இறுக்கியிருக்கிறோம், தொடாமல் அப்படியே பரீட்சைக்குப் போடு என்று அப்பா சொல்லச் சொல்கிறார்.

போல்ட்டுக்கு வாஷர் போட மறக்காதே, தனிப் பொட்டலத்தில் வைத்திருக்கிறது. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வை. தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று அம்மா கேட்கிறார், அந்த ஈயத்தைக் கழற்றினதும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார். எந்த ஆழத்துக்குப் போனாலும் அந்த ஆழத்திலிருந்து பத்திரமாக மேலே வரவேண்டும், நூறு வயது நன்றாக இருக்கவேண்டும் என்று இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் பரீட்சைக்குத் தானே படித்துக்கொண்டிருக்கும் அப்பா,
உலகநாதன் (இடது கையால் போட்ட கையெழுத்து, கோணலுக்கு நான் பொறுப்பில்லை)

அக்கா, கையெழுத்து வாங்கியாயிற்று, அப்பா பார்சல் கட்டக் கயிறு வாங்கப் போயிருக்கிறார். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொக்கிகளை அப்படியே விடாதே. தோளில் இரண்டு பக்கமும் இரண்டு விரல் அளவுக்குத் தளர்த்திவிட்டு, முஷ்டி, மேல் ஓரம், வளையம் எல்லாவற்றையும் உன் உடம்பிலேயே முதலிலிருந்து பார். ஸ்டைலுக்கு என்று பாயிடம் சொல்லிப் பட்டையின் நுனியை ஒரு ஜாண் கூடவே விடச் சொல்லியிருக்கிறேன், அதனால் நீளம் போதும். காரணம் கேட்காதே. சரி, கேள். ரோஸி நிரபராதி. அம்மாவின் செருப்பு நாலு துண்டாக, சாக்ஸுக்கு இரண்டு துண்டு வீதம், என் குதிகாலுக்கு அடியில் நின்றது. நான் கோட்டைத் தொட்டேன் என்பது உண்மை, என் கால் தரையைத் தொடவில்லை என்பதும் உண்மை. பஸ் நிலையம் வரை நடந்த கேனும் காலி கேன். எங்கள் மானத்தை விட்டுத்தள்ளு, நீ கோணாமல் நின்று பாஸ் பண்ணு. இன்றிலிருந்து ரோஸிக்குப் பொறை பிஸ்கட் என் செலவில் போகிறது.

உன்னைவிட இரண்டு விரல் குட்டையான தம்பி,
உதயா