தாரணி, இரண்டாம் வகுப்பு ‘பி’

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து காத்து. மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் மேல். போய்க் கேட்டு வாங்கி வந்தேன்.

ஸ்கூல் குரூப்பில் மெசேஜ். செகண்ட் ஸ்டாண்டர்ட், வியாழனுக்குள் பருப்பு ஒட்டி மயில். “குழந்தைகள் தாங்களாகவே செய்ய வேண்டும். பெற்றோர் உதவலாம்.” ஏழு வயசுக் குழந்தை தானாகவே பருப்பில் மயில் செய்யுமாம். மெசேஜ் போட்ட ரெஜினா மிஸ்ஸுக்கும் தெரியும், கட்டைவிரல் தூக்கிக் காட்டிய முப்பது அம்மாக்களுக்கும் தெரியும். ஊரறிந்த ரகசியம்.

வேண்டியவை: பச்சைப்பயறு (கழுத்து). துவரம்பருப்பு. மசூர் பருப்பு (வீட்டில் இல்லை). கறுப்பு உளுந்து, ஒன்று போதும், கண்ணுக்கு. கம். கறுப்பு சார்ட்.

நாளைக்கு மாவு அரைக்கணும். மறக்கக் கூடாது.

ஜூலை 8, செவ்வாய்

தாரணி வந்ததும் டைனிங் டேபிளில் உட்கார்ந்தோம். மயிலுக்குக் கால் ஒட்டும் வேலை மட்டும் அவளுக்கு. திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று கால் ஒட்டி வைத்திருக்கிறாள்.

“எதுக்குடி மூணு?”

“ஒரு கால் வலிச்சா?”

பிய்த்துவிட்டு நானே ஒட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அப்புறம் டிவி பக்கம் போய்விட்டாள். நல்லதாகப் போச்சு. குறுக்கே கை நீட்டாமல் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

தோகைக் கண்ணுக்கு வெந்தயம் வைத்தேன். அது என் யோசனை, எந்த யூடியூபிலும் கிடையாது. வெளிச்சம் பட்டால் தங்கம் மாதிரி மினுங்குகிறது.

இவர் கம்பெனி பஸ்ஸில் திருவெறும்பூரிலிருந்து வந்து இறங்கி, ஷூவைக்கூடக் கழற்றாமல் பார்த்தார். “அட, பாப்பா செமையா பண்ணியிருக்காளே!” எதிரில்தான் நின்றேன். முழங்கை வரை கம்.

மாவு அரைக்கவில்லை. ராத்திரி உப்புமா. அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஜூலை 10, வியாழன்

மயில் போர்டில் ஏறிவிட்டது. நடு இடத்தில். தாரணியைக் கூப்பிடப் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன், “யாரும்மா வேணும்?” என்றார். சும்மா என்றேன்.

மிஸ் தாரணியின் கையில் ஸ்டார் ஸ்டாம்ப் குத்தியிருக்கிறார். குளிக்கும்போது அழிந்துவிட்டது. அழிந்தது பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

ஜூலை 12, சனி

வரும் சனிக்கிழமை ஸ்கூலில் எக்ஸிபிஷனாம். சாமான் வாங்க ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தெப்பக்குளம். ஸ்டேஷனரிக் கடையில் கூட்டம், எல்லாம் அம்மாக்கள். கடைக்காரர் முகத்தைப் பார்த்தே கேட்கிறார்:

“எந்த ஸ்டாண்டர்டுங்க? செகண்டா? மழைநீர் சேகரிப்பு ரெடியா இருக்கு. எரிமலை சாயங்காலம் வரும்.”

ஆர்த்தி அம்மாவும் அங்கேதான். ஆர்த்தி தாரணி வகுப்பு. கையில் செய்து வைத்த குடிசை ஒன்று, வாசலில் தெர்மோகோல் பசு. என்னைப் பார்த்ததும் பைக்குள் தள்ளினாள்.

“எனக்கெல்லாம் ஏதுங்க நேரம்? உங்களுக்கு வீட்டுலதானே, பொறுமையா உக்காந்து செய்யலாம்.”

வீட்டுலதானே. சிரித்துவிட்டு வந்தேன். நோகாமல் நுங்கு தின்கிறவள் என்னைச் சொல்கிறாள்.

சாம்பல் சார்ட் 2, கம் 1, பிரஷ் சின்னது. நல்ல பிரஷ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்துவிட்டேன். செகண்ட் ஸ்டாண்டர்டுக்கு எதற்கு அது.

ஜூலை 14, திங்கள்

எக்ஸிபிஷனுக்குத் தலைப்பு “நம்ம ஊர்”. ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஐஸ் குச்சியில் கோபுரம் கட்டப் போகிறார்கள், சந்தேகமே இல்லை. நான் காவிரிப் பாலம். சாயங்கால வெளிச்சம், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காத்து வாங்கும் ஜனங்கள், ஒரு சுண்டல்காரன், கீழே தண்ணீர். எல்லாம் கிழித்த பேப்பர். கத்தரி கிடையாது, கிழித்த ஓரம்தான் அழகு.

யோசித்ததும் கை பரபரவென்றிருக்கிறது. எத்தனை வருஷம் ஆச்சு இப்படி இருந்து.

ஜூலை 16, புதன்

தண்ணீருக்கு நீலப் பாலிதீன். அதன் மேல் துணி போட்டு லேசாக அயர்ன் பண்ணினால் சுருங்கி அலை அலையாக வருகிறது. இரண்டு கவர் கருகியது. மூன்றாவது, அப்படியே ஆடி மாசக் காவிரி.

தாரணி வந்து, “பாலத்துல நான் ஒரு நாய் போடட்டுமா?” என்றாள். அவள் செய்து வைத்திருக்கும் நாய் பாலத்தில் நான் ஒட்டிய பஸ்ஸை விடப் பெரிசு. வேண்டாம் என்றேன்.

“தூரத்து நாய்மா.”

“தூரத்துல இருந்தா சின்னதாத்தான்டி தெரியும்.”

“எனக்குப் பெருசாத்தான் தெரியும். கடிக்கும்ல.”

சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒட்டவிடவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. திருவானைக்காவல் போகவில்லை. அகிலாண்டேஸ்வரி மன்னிக்கணும், சுண்டல்காரனுக்குக் கூடை பாக்கி.

ஜூலை 19, சனி

முதல் பரிசு.

ஹாலில் எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்குக் கோபுரம். பாலம் ஒன்றே ஒன்று. ஆட்கள் நின்று நின்று போட்டோ எடுத்தார்கள். கீழே அட்டை: தாரணி, இரண்டாம் வகுப்பு ‘பி’.

சீஃப் கெஸ்ட், யாரோ ரிட்டயர்ட் ஆபீசர், குனிந்து தாரணியிடம் கேட்டார். “தண்ணி அப்படியே அசையற மாதிரி இருக்கே. எப்படிம்மா பண்ணே?” அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கணும். “பாலிதீனை அயர்ன் பண்ணி...” என்று ஆரம்பித்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தாரணி தரையைப் பார்த்தாள்.

ஆர்த்தி அம்மா: “உங்க பொண்ணுக்கு அப்படியே பெரியவங்க கைங்க.”

வீட்டுக்கு வருவதற்குள் இவர் ஸ்டேட்டஸ் போட்டாச்சு. “மை டாட்டர்”, மூன்று கப் படம். ஜீயபுரத்திலிருந்து நாத்தனார் போன். ஸ்பீக்கரில் இவர் சொல்கிறார்: “எங்க பெரியப்பா நல்லா படம் போடுவாருல்ல, அந்த ரத்தம்.”

பெரியப்பா ரத்தம்! டிராயிங் லோயர், ஹையர் பரீட்சை இரண்டும் நான் பாஸ் பண்ணிய சர்டிபிகேட் பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடக்கிறது. மேலே படிக்கக் கேட்டதற்கு அப்பா, “டிராயிங் மாஸ்டரை எவன்டி கட்டுவான்” என்று பி.காம்.மில் சேர்த்துவிட்டார். பெண் பார்க்க வந்தபோது இவரிடம் சொன்னேன், படம் வரைவேன் என்று. “கோலமா?” என்று கேட்டார். அன்றைக்கே எழுந்து உள்ளே போயிருக்கணும்.

இப்போது வந்து செகண்ட் ஸ்டாண்டர்ட் குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டுகிறேன். அதற்கும் பேர் வேறு ஆளுக்கு. பெற்ற பெண்மேலேயே பொறாமை வருகிறது. எழுதவே கேவலமாக இருக்கிறது. ஆனால் வருகிறது.

ஜூலை 22, செவ்வாய்

ரெஜினா மிஸ் போன். பரிசு வாங்கிய பிள்ளைகளையும் இன்னும் சிலரையும் ஊரில் பல ஸ்கூல் சேர்ந்து நடத்தும் ஓவியப் போட்டிக்கு அனுப்புகிறார்களாம். சனிக்கிழமை, கன்டோன்மென்ட்டில் ஒரு ஹால். தலைப்பு அங்கேதான் சொல்வார்கள். பேரன்ட்ஸ் உள்ளே வரக் கூடாது.

“தாரணிக்கு என்ன மேடம், கலக்கிடுவா.”

 இந்தப் பெண் நேராக ஒரு கோடு போட்டு நான் பார்த்ததில்லை. போடவிட்டால்தானே பார்ப்பதற்கு, அது வேறு.

ஜூலை 24, வியாழன்

மூன்று நாளாக ஒரே படம். பாலம், சூரியன், இரண்டு தென்னை, ஒரு படகு. “எந்தத் தலைப்பு குடுத்தாலும் இதையே போட்டுட்டு வந்துடு.” காலை ஒன்று, ஸ்கூல் விட்டு வந்து மூன்று. தென்னை துடைப்பம் மாதிரியே வருகிறது. மணிக்கட்டைப் பிடித்து நானே இழுத்தேன்.

“கை வலிக்குதும்மா.”

“பரிசு வாங்கினப்ப வலிக்கலையா?”

“அது என் கை இல்லயே.”

ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்துவிட்டேன். அழவில்லை. அடுத்த தென்னையைப் போட்டாள். இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “குழந்தையை ஏன் படுத்தற, அவளுக்குத் தானா வரும்” என்றார். தானா வரும்!

தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். தப்புதான். வேறென்ன எழுதுவது.

ஜூலை 26, சனி

புழுதிக் காத்து. ஹாலுக்கு வெளியே புங்கமரத்தடியில் அம்மாக்கள் கூட்டம். உள்ளே பிள்ளைகள் வரைய வரைய, ஒருத்தி தன் முழங்கால்மேல் விரலால் வரைந்துகொண்டிருந்தாள். சிரிக்கலாம் என்று பார்த்தால் என் விரலும் ஹேண்ட்பேக் மேல் தென்னை போட்டுக்கொண்டிருக்கிறது.

தாரணி குதித்துக்கொண்டு வந்தாள். முகம் முழுக்க கிரேயான்.

“என்ன தலைப்பு?”

“என் அம்மா.”

“பாலம் போட்டியா?”

“போடல. நானே வேற போட்டேன்.”

பரிசு இல்லை. ஆறுதல் பரிசும் இல்லை. அது ஆர்த்திக்கு. கடையில் குடிசை வாங்கித் தந்தாலும் அந்தப் பெண்ணை வீட்டில் அது பாட்டுக்குக் கிறுக்க விட்டிருப்பார்கள் போல. மிஸ்ஸுக்கு முகமே சரியில்லை. “அன்னிக்கு அவ்ளோ நல்லா பண்ணாளே மேடம்!” கூட்டிப்போக வந்த இவர், வண்டியில்: “நீ ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்கணும்.”  தாரணி மட்டும் முன்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தாள்.

ஜூலை 28, திங்கள்

படத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நாலாக மடித்து லஞ்ச் பேக்கில் வைத்திருந்தாள், மூலையில் தயிர்.

விரித்துப் பார்த்தேன். எங்கள் டைனிங் டேபிள். மேலே கம் டப்பா, பிரஷ், பேப்பர் துண்டுகள், ஒன்று விடாமல். கோடு நடுங்கவே இல்லை. டேபிளுக்கு முன்னால் பேப்பர் பாதிக்கு ஒரு பொம்பளை, முதுகு மட்டும். பச்சை நைட்டி. கொண்டையில் பென்சில் சொருகியிருக்கிறது. தலையைத் தொட்டுப் பார்த்தேன். இப்பவும் இருந்தது.

இவர் எட்டிப் பார்த்து, “என்னடி இது, ஆளையே காணோம்” என்றுவிட்டுக் குளிக்கப் போனார்.

“முகம் எங்கடி?” என்று கேட்டேன்.

பிஸ்கட் தின்றுகொண்டே சொன்னாள்.

“நீ இன்னும் திரும்பலயேம்மா.”